சனிக்கிழமைக் கூலியும் ஏழு மாத உதவித்தொகையும்

அருப்புக்கோட்டையில் அப்பா விசைத்தறி ஓட்டினார். வாரம் முழுக்க நெய்த கெஜத்தைக் கணக்குப் பார்த்து, சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் கையில் கூலி கொடுத்துவிடுவார்கள். முன்பணத்துக்குப் பிடித்தது போக மீதி எவ்வளவு என்பதில் சண்டை வரும். ஆனால் எந்தச் சனிக்கிழமை என்பதில் சண்டை வந்ததில்லை. அதனால்தான் 2017 ஆகஸ்டில் நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "மாதம் எந்தத் தேதியில் போடுவார்கள்மா?" என்பதாக இருந்தது. இருபத்தைந்தாயிரம் ரூபாய் என்று நான் சொன்ன தொகையில் அவர் மனம் நிற்கவில்லை. தேதியைத்தான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அரசாங்கப் பணம், முதல் தேதியில் வந்துவிடும் என்று சொல்லிவைத்தேன்.

அது 2018 மார்ச்சில் வந்தது. ஏழு மாதத் தொகை, 1,75,000 ரூபாய், ஒரே தடவையாக.

இப்போது ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று பிள்ளைகள், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தேர்வான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை வாங்கிவிட்டு முகமெல்லாம் மலர்ச்சியாக வந்து நிற்கிறார்கள். தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஜெயித்த பிறகு அந்தப் பணத்தை எப்படிக் கைக்குக் கொண்டுவருவது, வரும்வரை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்ல ஆளில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதைத்தான் எழுதுகிறேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் திட்டம் என்று எழுதப்போவதில்லை. பல ஊர்ப் பிள்ளைகளிடம் பேசியதில், என் கதை எனக்கு மட்டுமே நடந்தது அல்ல என்று தெரிந்துகொண்டேன்.

முதலில் தொகை. மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகைகள் திட்டத்துக்குத் திட்டம் பெயர் மாறினாலும் பெரும்பாலும் ஒரே அளவுகோலில்தான் போகும். 2010இல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 16,000 ரூபாய். 2014 அக்டோபரிலிருந்து 25,000. 2019 ஜனவரியிலிருந்து 31,000. 2023 ஜனவரியிலிருந்து 37,000. இரண்டு ஆண்டு முடிந்து முதுநிலை ஆய்வாளராக உயர்ந்தால் இப்போது 42,000. விடுதியில் தங்காதவர்களுக்கு ஊரின் வகையைப் பொறுத்து வீட்டு வாடகைப்படி உண்டு. மொத்தம் ஐந்து ஆண்டு. இந்த உயர்வுகள் எதுவும் விலைவாசி ஏறியவுடன் தானாக வந்தவை அல்ல. 2018இன் பிற்பாதியில் நாடு முழுக்க ஆய்வு மாணவர்கள் பதாகை பிடித்து நின்ற பிறகுதான் 2019 ஜனவரி 30ஆம் தேதி உத்தரவு வந்தது. எங்கள் துறை வாசலில் நாங்கள் முப்பது பேர் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு நின்றோம். தோற்றம் சிறியதுதான். ஆனால் நின்றோம்.

அறிவித்த தொகை கைக்கு வருவதற்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாத பகுதி. நானும் முதல் இரண்டு மாதம், சேர்ந்த விவரம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது, பணம் வரும் என்று லேபில் உட்கார்ந்திருந்தேன். சோடியம் அயனி மின்கலத்துக்கான ஆக்சைடு தயாரிப்பது என் வேலை. உலையில் எண்ணூறு டிகிரிக்கு மேல் பன்னிரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். மாலையில் வைத்தால் காலையில் எடுக்கலாம். வேலை ஓடிக்கொண்டிருந்தது, மெஸ் பில்லும் ஓடிக்கொண்டிருந்தது. மாதம் 3,200 ரூபாய். கையில் கொண்டுவந்த 18,000 கரைந்துகொண்டிருந்தது.

அக்டோபரில் ஒரு நாள் ஆய்வுப் பிரிவுக்குப் போனேன். அங்கே ஒரு அம்மா இருந்தார். முப்பது ஆண்டு அந்த மேசையில் இருந்தவர். என் பெயரைச் சொன்னதும் கட்டுகளுக்கு நடுவிலிருந்து என் காகிதங்களை உருவி எடுத்து, மூன்றை மட்டும் தனியே மேசையில் வரிசையாக வைத்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல். "நீயே பார்" என்றார். சான்றிதழில் என் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர். வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. ஒரே ஆள்தான். ஆனால் அந்த மேசைமேல் மூன்று பேர் கிடந்தோம். "இதை அனுப்பினால் திரும்பி வரும்மா. திரும்பி வர இரண்டு மாதம். அதனால் நான் அனுப்பவில்லை. நீ வருவாய் என்று பார்த்தேன்."

அவர் மேல் அன்று எனக்குக் கோபம் வந்தது. ஒரு போன் செய்திருக்கலாமே என்று. ஆனால் அவர் சொன்னது சரி. வட நாட்டில் உட்கார்ந்து சரிபார்க்கும் ஒருவருக்கு இனிஷியல் என்பது என்னவென்றே புரியாது. குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருப்பாள் ஒருத்தி, ஒற்றை எழுத்தைப் போட்டிருப்பாள் இன்னொருத்தி, புள்ளி வைத்திருப்பான் ஒருவன். தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய தொல்லை இது. அதனால் நெட் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பெயரை ஒன்றாக்கிவிடுங்கள். சான்றிதழில் இருப்பதுபோல ஆதாரைத் திருத்துவது எளிது, ஆதாரில் இருப்பதுபோல வங்கியில் மாற்றுவது அதைவிட எளிது. பட்டச் சான்றிதழை மாற்றுவதுதான் மலை. தேர்வு விண்ணப்பத்தில் சான்றிதழில் உள்ள எழுத்தையே போடுங்கள், புள்ளி உட்பட. எனக்கு வங்கியில் பெயர் மாற்றி, நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கொடுக்க மூன்று வாரம் ஆனது.

இதோடு இன்னொன்று. ஆதார் வழியாகப் பணம் போடும் திட்டங்களில், கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்குக்கு அல்ல. என்னுடன் இருந்த ஒரு தம்பியின் முதல் தவணை, கிராமத்தில் எரிவாயு மானியத்துக்காகத் திறந்த பழைய கணக்கில் போய்க் கிடந்தது. பணம் வரவில்லை என்று அவன் நான்கு மாதம் மனு எழுதிக்கொண்டிருந்தான்.

பெயர் சரியான பிறகும் கோப்பு நகரவில்லை. இரண்டாவது காரணத்தைக் கண்டுபிடிக்க டிசம்பர் ஆனது. எனக்கு முன்னால் அதே திட்டத்தில் படித்து முடித்துப் போன ஒருவருடைய கணக்குக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போகவில்லை. பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு மொத்தமாகப் பணம் அனுப்பும் முறையில், பழைய தவணை செலவான சான்று போனால்தான் புதிய தவணை வரும். அவர் வெளிநாட்டில் இருந்தார். அவருடைய இரண்டு ரசீதுக்காக நாங்கள் நான்கு பேர் காத்திருந்தோம். இப்போது பல திட்டங்கள் மாணவர் கணக்குக்கே நேராகப் பணம் போடும் முறைக்கு மாறிவிட்டன. அது பெரிய நன்மை. ஆனால் மாதாமாதம் 'இவர் தொடர்ந்து ஆய்வு செய்கிறார்' என்று பல்கலைக்கழகத்தில் ஒருவர் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், இன்னொருவர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். அந்த இருவரில் ஒருவர் விடுப்பில் போனால் அந்த மாதம் இல்லை. சேர்ந்த வாரமே அந்த இருவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் இல்லாத நாளில் யார் செய்வார்கள் என்றும் கேட்டுவையுங்கள்.

அந்த அம்மாதான் எனக்குக் கோப்பின் வழியைச் சொல்லிக்கொடுத்தார். துறைத் தலைவர் கையெழுத்து, ஆய்வுப் பிரிவு, நிதிப் பிரிவு, பதிவாளர் அலுவலகம், பிறகு தபால் பிரிவு. ஒவ்வோர் இடத்திலும் ந.க. எண், அதாவது கோப்பைப் பதிவேட்டில் ஏற்றிய எண், வாங்கு என்றார். எண் இல்லாமல் "என் ஃபைல் என்ன ஆச்சு" என்று கேட்டால் "பார்க்கிறேன்" என்ற பதில்தான் வரும். எண்ணைச் சொல்லிக் கேட்டால் பதிவேட்டைத் திறந்தாக வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி, எண், எந்த மேசை, யாரிடம் பேசினேன் என்று எழுத ஆரம்பித்தேன். லேப் நோட்டில் சோதனை எழுதுவதுபோலவே எழுதினேன். அதுவும் ஆய்வின் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் எனக்கு மன அமைதி வந்தது. வாரம் ஒரு நாள், புதன்கிழமை மதியம் மட்டும், அலுவலகத்துக்குப் போவேன். தினமும் போனால் எரிச்சல்படுவார்கள், லேப் வேலையும் கெடும். போகாமலே இருந்தால் மறந்துவிடுவார்கள்.

ஆனால் அதுவரை சாப்பிட வேண்டுமே. நவம்பரில் அம்மா தோட்டைக் கூட்டுறவு வங்கியில் வைத்துப் பணம் அனுப்பினார். அப்பாவிடம் சொல்லவில்லை. ஒரு மாத மெஸ் பில்லை என் நெறியாளர் சார் கட்டினார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, மெஸ் மேலாளர் சொல்லித்தான் தெரிந்தது. மாலையில் டியூஷன் எடுக்கலாமா என்று யோசித்தேன். உதவித்தொகை பெறுபவர் வேறு சம்பள வேலை பார்க்கக் கூடாது என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருந்தேன். வராத பணத்துக்காக அந்த உறுதிமொழி என்னைக் கட்டிப்போட்டிருந்தது.

பக்கத்து லேபில் ஒருத்தி இருந்தாள். என்னைவிடக் கெட்டிக்காரி. எக்ஸ்ரே விளிம்பு விளைவுப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் கலப்பு வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவளுக்கும் அதே தவணை, அதே தாமதம். அவள் வீட்டில் அடகு வைக்கத் தோடு இல்லை. தம்பியின் கல்லூரிக் கட்டணம் வேறு நின்றது. டிசம்பர் கடைசியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் மாதம் பதினான்காயிரத்துக்கு வேலை கிடைத்தது என்று சொன்னாள். "முதல் தேதி சம்பளம் போடுகிறார்கள்டி" என்றாள். இருபத்தைந்தாயிரத்தை விட்டுவிட்டுப் பதினான்காயிரத்துக்குப் போகிறாளே என்று துறையில் சிலர் பேசினார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் போன அன்று உலைக்குள் அவள் வைத்திருந்த இரண்டு அலுமினா குவளைகள் அப்படியே இருந்தன. மாதிரி எண்ணை மார்க்கரில் எழுதியிருந்தாள். அவற்றை யாரும் பல மாதம் எடுக்கவில்லை.

இந்த உதவித்தொகையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் குவளைகள்தான் நினைவுக்கு வருகின்றன. தொகை போதுமா போதாதா என்று விவாதிக்கிறோம். அது தேவையான விவாதம்தான். ஆனால் ஏழு மாதம் காத்திருக்க முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தொகை, முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அதே தொகை என்றால், இரண்டும் ஒரே தொகை அல்ல. நாடு முழுக்கத் தேர்வு வைத்து, தகுதி பார்த்து, இட ஒதுக்கீடும் வயது வரம்புத் தளர்வும் கொடுத்து, யாரை உள்ளே கொண்டுவர வேண்டும் என்று இந்தத் திட்டங்கள் உருவாயினவோ, அவர்களைத்தான் தாமதம் முதலில் வெளியே தள்ளுகிறது.

அதனால் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது, ஆறு மாதச் செலவுக்கு ஏற்பாடு செய்துகொண்டு சேருங்கள். கசப்பான ஆலோசனைதான், எனக்கே பிடிக்காத ஆலோசனை. முடியாதவர்கள் சேரும் நாளிலேயே நெறியாளரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு மறைத்தால், அவர்களுக்கு நீங்கள் போகும் நாளில்தான் தெரியும். சில நெறியாளர்களிடம் திட்ட நிதி இருக்கும், பகுதி உதவி செய்ய வழி இருக்கும். விடுதிக் காப்பாளரிடம் உதவித்தொகை உத்தரவின் நகலோடு கடிதம் கொடுத்தால் மெஸ் பில்லுக்கு அவகாசம் தருவார்கள். எங்கள் விடுதியில் தந்தார்கள். நான் கேட்டதே ஐந்தாவது மாதத்தில்.

உதவித்தொகைக்கு வேறு வாசல்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்றவர்களுக்கு இன்ஸ்பயர். ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. போன்ற இடங்களில் 70,000 ரூபாயில் தொடங்கும் பிரதமர் ஆய்வு உதவித்தொகை. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகைகள். நம் மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை. சிறுபான்மை மாணவர்களுக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை நிறுத்துவதாக 2022 டிசம்பரில் மக்களவையில் அறிவித்தார்கள். அதை நம்பி முதுகலை முடித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வாங்க முடியும். ஆனால் விண்ணப்பிக்கும்போது ஒன்றோடு நிற்காதீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் தற்செயல் நிதி பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் இருந்தது. ரசாயனம், மாதிரி சோதனைக் கட்டணம், கருத்தரங்கப் பயணம் எல்லாம் அதில்தான். பெரும்பாலும் முதலில் கைக்காசு போட்டு, பிறகு ரசீது காட்டி வாங்க வேண்டும். மின்னணு நுண்ணோக்கிப் படம் எடுக்க நான் கட்டிய 6,400 ரூபாய் திரும்பி வரவே இல்லை. ரசீது என் பெயரில் இருந்தது, நெறியாளர் பெயரும் துறையின் பெயரும் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். ரசீது யார் பெயரில் வேண்டும், எத்தனை விலைப்புள்ளி வேண்டும், இருப்புப் பதிவேட்டில் யார் கையெழுத்து என்று வாங்கும் முன் கேளுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், அன்றே நகல் எடுங்கள்.

நான் செய்த பெரிய தவறு இரண்டாம் ஆண்டு முடிவில். இளநிலையிலிருந்து முதுநிலைக்கு உயர மூன்று பேர் குழு மதிப்பிட வேண்டும், அதில் ஒருவர் வெளியாள். 2019 ஆகஸ்டில் இரண்டு ஆண்டு முடிகிறது. ஜூலையில்தான் பேச்சையே எடுத்தேன். வெளியூர்ப் பேராசிரியருக்குத் தேதி ஒத்துவரவில்லை. கூட்டம் நவம்பரில் நடந்தது. உயர்வு வரும்வரை பழைய தொகையாவது வரும் என்று நினைத்தேன். அதுவும் நின்றுவிட்டது. இரண்டாண்டு முடிந்ததும் இளநிலைக் கணக்கு மூடப்பட்டுவிடும், முதுநிலைக் கணக்கு உத்தரவு வந்தால்தான் திறக்கும். இருபத்தொன்றாம் மாதத்திலேயே வெளி நிபுணரின் சம்மதத்தை வாங்கிவிடுங்கள். கூட்டம் நடந்த அன்றே, அவர் பஸ் ஏறும் முன், அறிக்கையின் மூன்று படிகளிலும் கையெழுத்து வாங்குங்கள்.

ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை ஆறு மாதத் தொகை 2,10,000 ரூபாய், 2020 மார்ச் இரண்டாம் வாரம் வந்தது. செய்தி வந்தபோது நான் உலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். இவ்வளவு தொகைக்கு வரி பிடிப்பார்களோ என்று அன்று இரவு தூங்கவில்லை. வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவில் கல்விக்கான உதவித்தொகைக்கு வரி விலக்கு இருந்தது என்று மறுநாள் துறையில் ஓர் அண்ணன் சொன்னார். பத்து நாளில் ஊரடங்கு வந்தது. தறிகள் நின்றன. அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் இல்லாத தெருவை நான் அதுவரை கேட்டதே இல்லை. அப்பாவுக்கு எத்தனையோ சனிக்கிழமைகள் கூலி இல்லை. அந்த ஆண்டு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பணத்தில். அப்பா ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து, "உன் சர்க்கார் நேரம் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறது" என்றார். தாமதம் செய்தவர்கள் யாரும் அதை எண்ணிச் செய்யவில்லை. ஆனாலும் இந்த நாட்டின் மக்கள் வரிப்பணம் ஒரு தறிக்காரர் மகளுக்கு உலையையும் கொடுத்து, அவள் வீட்டுக்கு உலையரிசியையும் கொடுத்தது. அதை நான் மறக்கவில்லை. தாமதத்தைப் பற்றி இவ்வளவு எழுதுவது அந்த நன்றியில்தான்.

2020 டிசம்பரில்தான் லேப் மீண்டும் திறந்தது. ஆய்வேடு சமர்ப்பிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. அவகாசம் நீட்டித்தது. உதவித்தொகை மட்டும் ஐந்து ஆண்டுதான் என்றது. மூடிக்கிடந்த மாதங்கள் கணக்கில் கழிந்தன. 2022 ஜூலையோடு என் தொகை முடிந்தது, ஆய்வேடு கொடுத்தது அடுத்த பிப்ரவரியில். இடையில் ஏழு மாதம். இந்தத் தடவை தயாராக இருந்தேன், நான்காம் ஆண்டிலிருந்தே மாதம் ஐந்தாயிரம் ஒதுக்கியிருந்தேன். கடைசி ஆண்டில் உங்களுக்கும் இந்த இடைவெளி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு ஒன்று: மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக ஆய்வுக் காலத்தில் ஒருமுறை 240 நாள் வரை விடுப்பு உண்டு, 2016 முதல் விதியில் இருக்கிறது. என் தோழி ஒருத்தி அது தெரியாமல் பதிவையே ரத்து செய்யப் போனாள்.

முதல் பணம் வந்த அந்த 2018 மார்ச்சில் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். காத்திருந்த நான்கு பேரில் மீதி இருந்த மூன்று பேரும் ஆளுக்கு இரண்டாயிரம் போட்டு, துறையிலேயே ஒரு பொது நிதி தொடங்கினோம். நிலுவை வந்தவர்கள் போட வேண்டும், வராதவர்கள் எடுக்கலாம். வட்டி இல்லை, காரணம் கேட்பதில்லை. கணக்குக்கு ஒரு நீல அட்டை நோட்டு. இடப்பக்கம் எடுத்த தேதி, வலப்பக்கம் திருப்பிய தேதி. அவள் போவதற்கு மூன்று மாதம் முன்னால் இதைச் செய்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்றும் உண்டு.

அந்த நோட்டு இப்போது மூன்றாவது நோட்டாக ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் மாணவி போன மாதம் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கடைசி வரியில் 6,000 ரூபாய், மெஸ் என்று எழுதியிருந்தது. எதிரே வலப்பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.